தலைவர் குனிந்து பேடு கட்டிய நேரம்

ஊர்ப் பையன்கள் மூன்று பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் 'மின்னல் லெவன்' கிரிக்கெட் கிளப்புக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். பழைய அம்பயர் என்ற முறையில் நான் அதற்கு ஒரு கட்டுரை தரவேண்டுமாம்.

"நான் அஞ்சாங்கிளாஸுப்பா" என்றேன்.

"பரவால்லண்ணா. முன்னுரை எழுதுற தலைவரே ஒம்போதுல பெயிலு" என்றான் ஒருவன்.

இன்னொருவன் கையில் இருந்த போனைக் காட்டினான். "இப்ப நாங்க ஆம்பூர்ல வலை கட்டுன கிரவுண்டை வாடகைக்கு எடுத்து ஆடுறோம்ணா. போனை ஸ்டாண்டுல நிக்க வெச்சிட்டா போதும், அவுட்டா இல்லையான்னு திருப்பிப் போட்டுப் பாத்துக்கலாம். அம்பயரே வேணாம். நீங்க தூக்குன விரலுக்கெல்லாம் அன்னிக்கி வீடியோ இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டீ கொண்டுவந்த என் மனைவி செல்வி, "ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். அது எது என்று பையன்களுக்குத் தெரியவில்லை. அப்போது அவர்கள் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த வயது. அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் குமரேசன். மாதனூரை ஒட்டிய ஊர். தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஓட்டினேன். டிரம் என்றால் தோலையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுற்றவிடும் ஆள் உயர மரப் பீப்பாய். அது சுற்றும்போது பக்கத்தில் நிற்கிறவன் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது. பேசாமலே இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை. டேனரியை மூடியபோது எங்களையும் அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பே அம்பயர் வேலையும் போய்விட்டிருந்தது. அது எப்படிப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கிளப்பின் வரலாற்றை மலரில் தலைவர் தனியாக எழுதுவார். அதில் விதை, வியர்வை, ஆலமரம் எல்லாம் வரும். நடந்தது இதுதான். ஏரிக்கரைக்குக் கீழே மேய்க்கால் புறம்போக்கில் பையன்கள் தென்னை மட்டையை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். டேனரி மருந்து ஏஜெண்டாக இருந்த தனபால் அண்ணன் ஒருநாள் வேலூருக்குப் போய் ஒரு பெரிய கிட் பை வாங்கிவந்தார். அதில் இரண்டு மட்டை, கையுறை, காலில் கட்டுகிற பேடு, ஆறு ஸ்டம்பு எல்லாம் இருந்தன. அன்று சாயங்காலமே கிளப் பிறந்துவிட்டது. பை யாருடையதோ அவர்தான் தலைவர். அவர்தான் கேப்டன். முதலில் மட்டை பிடிப்பவரும் அவரே. அவருக்குக் கோபம் வந்தால் ஸ்டம்பு ஆறும் பைக்குள் போய்விடும், ஆட்டம் முடிந்தது. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அரசாங்கச் சட்டம் எதுவும் எங்கள் ஊரில் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

கிளப்பைக் குறைவாகச் சொல்லக் கூடாது. ஊரில் யார் செத்தாலும் பாடை கட்டித் தூக்குவது மின்னல் லெவன்தான். மைதானத்தில் எந்த கேட்சையும் பிடிக்காத கைகள் சுடுகாட்டு வழியில் யாரையும் கீழே விட்டதில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுவது, வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்க ஓடுவது, கூழ் ஊற்றும்போது அண்டா தூக்குவது, எல்லாம் நாங்கள்தான். எல்லாவற்றுக்கும் ஒரு பிளெக்ஸ் பேனர் வைப்போம். அதில் தலைவர் முகம் பூசணிக்காய் அளவு இருக்கும். அடியில் பதினோரு பேர் முகம் எலுமிச்சை விதை அளவில் இருக்கும். என் முகம் வந்ததில்லை, அம்பயர் பொதுவான ஆள் என்பதால்.

சாதி பார்க்காத கிளப் என்றும் தலைவர் எழுதுவார். உண்மைதான், பந்தை எல்லோரும் தொடலாம். தண்ணீர்க் குடத்தின்மேல் மட்டும் ஆரம்பத்தில் இரண்டு தம்ளர் இருந்தன. எது யாருக்கு என்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். சர்ச் தெரு அந்தோணி பந்துவீச வந்த வருஷம் அதில் ஒன்று காணாமல் போனது. அதை யாரும் தேடவில்லை. வேகமாகப் பந்து போடுகிறவன் கிடைத்துவிட்டால் எங்கள் ஊரில் சில கொள்கைகள் தளரும்.

நான் அம்பயர் ஆனது தற்செயல். எங்கள் பக்கத்தில் மட்டை பிடிக்கிற அணியின் ஆள்தான் அம்பயராக நிற்பான். அவன் தன் அணிக்காரனுக்கு எப்படி அவுட் கொடுப்பான்? தினமும் அடிதடி. ஒருநாள் சண்டை முற்றியபோது யாரோ, "வாயே தொறக்காத ஆளா பாத்து நிக்க வைங்கடா" என்று கத்தினான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது நல்ல யோசனைதான். சண்டை நடக்க எதிராளியும் பேச வேண்டும். நான் பேசவில்லை என்பதால் திட்டுகிறவன் கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்த் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். எனக்குக் 'கம்பம்' என்று பெயர் வைத்தார்கள்.

தொழிலைக் கற்றது சலூன் வாசலில். உள்ளே டிவியில் மேட்ச் ஓடும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன், சத்தம் கேட்காது. அதனால் கைகளை மட்டும் கற்றுக்கொண்டேன். கை விரித்தால் ஒய்டு, ஒரு கை நீட்டினால் நோ பால், ஒரு விரல் மேலே போனால் அவுட். ஓவருக்கு ஆறு பந்து எண்ணுவதற்கு ஷூ ஐலெட் வைத்துக்கொள்வேன். லேஸ் கோர்க்கிற துளையில் பதிப்பார்களே, அந்தச் சின்ன வளையம். செல்வி வேலை பார்க்கிற ஷூ கம்பெனியில் குப்பையில் கூட்டித் தள்ளுகிற கழிவு. ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவேன்.

பிட்ச் போடுவதும் என் தலையில்தான் விழுந்தது. ஏரி வற்றியதும் அடியில் இருக்கும் களிமண்ணை வெட்டிக் காயவைத்து உடைக்க வேண்டும். புற்று மண்ணைச் சலித்து அதோடு கலந்து பரப்ப வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்து, பாதி காயும்போது ரோலர் இழுக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பின் இழுத்தால் வெடிக்கும், ஈரத்தில் இழுத்தால் ஒட்டும். உள்ளங்கையை வைத்து எடுத்தால் கை குளிர வேண்டும், ஆனால் மண் வரக் கூடாது. அதுதான் பதம். எங்கள் ரோலர், சிமெண்ட் கொட்டி நிரப்பிய தார் டிரம். கடைசியில் சாணம் கரைத்து மெழுகுவோம். ஆட்டம் இல்லாத நாட்களில் பெண்கள் அதன்மேல் வேர்க்கடலை காயப்போடுவார்கள். ஒருமுறை கிடந்த கடலை ஓட்டில் பட்டுப் பந்து முழங்கை அளவுக்குத் திரும்பியது. அந்தப் பந்தைப் போட்டவர் இன்றைக்கும் அதைத் தன் கைவரிசை என்றே சொல்லித் திரிகிறார்.

தனபால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் அதட்ட மாட்டார். தோளில் கை போடுவார். எதற்கும் "நம்ம" என்பார். நம்ம ஊரு, நம்ம பசங்க, நம்ம குமரேசன். ஒன்றை முடிவு செய்துவிட்டு, "நீயே சொல்லு" என்று கேட்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிடுவார். பேசாத ஆளுக்கு இப்படி ஒரு தலைவர் கிடைப்பது பாக்கியம்தான்.

மட்டை பிடிப்பதில் அவருக்கு ஒரு தனி முறை உண்டு. பந்து மட்டையில் படாமல் நேராகக் காலில் பட்டால், அதாவது எல்.பி.டபிள்யூ. ஆனால், அவர் அம்பயரைப் பார்க்கவே மாட்டார். உடனே குனிந்துவிடுவார். காலில் கட்டிய பேடின் வாரை அவிழ்ப்பார், இழுப்பார், மறுபடி கட்டுவார். முதலில் மேல் வார், அப்புறம் நடு வார், அப்புறம் கீழ் வார். பந்து போட்டவன் "ஹவ்ஸாட்!" என்று கத்திவிட்டு எதிரில் தெரிகிற முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். குனிந்திருக்கிற பெரிய மனுஷனைப் பார்த்து யார் விரலைத் தூக்குவது? தூக்கினாலும் அவர் பார்க்கப்போவதில்லை. சற்று நேரத்தில் பந்து போட்டவன் திரும்பி நடந்துவிடுவான். அப்போதுதான் தலைவர் நிமிர்வார். "இன்னாப்பா, போடு போடு" என்பார். எனக்குத் தெரிந்து அவர் எல்.பி.டபிள்யூ. ஆனதே இல்லை. அவர் காலில் பட்ட பந்துகளை அடுக்கினால் ஒரு வீடு கட்டலாம்.

இனி பஸ் விஷயம்.

எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். செல்வி ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் இருக்கிறாள். அந்தோணியின் தங்கை ரோஸியும் அவள் பக்கத்து மெஷினில்தான். கம்பெனி பஸ் அப்போது ஊருக்குள் வராது. நெடுஞ்சாலையில் கூட்ரோட்டில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடும். நடுவில் இருக்கிற தூரத்தில் ஒரு சாராயக் கடை. ஷேர் ஆட்டோ ஓடியது, அது தனபால் அண்ணன் மச்சானுடையது. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஓவர்டைம் முடிந்து இருட்டில் இறங்குகிற நாட்களில் கிளம்பவே கிளம்பாது.

அப்படி ஒரு நாள் கடை வாசலில் ஒருவன் வழியை மறித்து ரோஸியின் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. செல்வி தன் டிபன் கேரியரால் அவன் மணிக்கட்டில் போட்டாள். கேரியர் நெளிந்துவிட்டது, அவன் ஓடிவிட்டான். விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் ரோஸியின் அப்பா சொல்லிவிட்டார்: "மாசக் கடைசியோட நின்னுக்கோ. பஸ்ஸு ஊருக்குள்ள வந்தா போ, இல்லாட்டி வூட்ல கெட." பையைப் பிடித்தவன் மறுநாளும் கடைக்கு வந்தான். வேலையை விடவேண்டியது ரோஸி. எங்கள் ஊர் நியாயம் இப்படித்தான்.

பெண்கள் எல்லோரும் சேர்ந்து தலைவரிடம் போனார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "நம்ம பொண்ணுங்க கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா? கம்பெனி மேனேஜருக்கு கிரிக்கெட்டுன்னா உசுரு. அவர் டீம கூப்ட்டு ஒரு ப்ரெண்ட்லி மேட்ச் வெப்போம். மனசு குளுந்து நிக்கும்போது பஸ்ஸ கேட்டுடுவோம்" என்றார். பெண்கள் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் என் தோளில் கை விழுந்தது.

"குமரேசா, மேனேஜர் அம்பது அடிக்கணும். நீயே சொல்லு, அடிக்கணுமா வேணாமா? அடிக்கணும். உன் கை கீழயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் நெளிந்த கேரியரைச் சுத்தியலால் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். "கைய தூக்காம இருக்கிறதுக்கு உனக்கு சொல்லியா குடுக்கணும்? இந்த வூட்ல இன்னிக்கி வரைக்கும் ஒரு துரும்ப தூக்கியிருக்கியா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஊரே ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது. கம்பெனி அணி முதலில் மட்டை பிடித்தது. மேனேஜர் நல்ல மனுஷன், சிரித்த முகம். வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி. ஆட்டம் மட்டும் வராது. பந்து புறப்படுவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றி முடித்துவிடுவார். அவரை அவுட் ஆகாமல் வைத்திருப்பது சாமானிய வேலை இல்லை. ஒரு பந்தை நேரே ஆகாயத்துக்கு அடித்தார். கீழே எங்கள் ஆட்கள் மூன்று பேர் கூடி நின்றார்கள். "நீ புடி." "இல்லண்ணா, நீங்க பெரியவரு, நீங்க புடிங்க." மரியாதை முடிவதற்குள் பந்து மூவருக்கும் நடுவில் விழுந்தது. அடுத்து அவர் மட்டையே ஸ்டம்பில் பட்டு மேலே இருந்த கட்டை விழுந்தது. விக்கெட் கீப்பர் அதை எடுத்து வைத்து, "காத்து சார், ஏரிக் காத்து" என்றான். அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

அந்தோணிக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவனும்தான் தங்கைக்காக மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் வேகமாகப் போட்டுப் பழகிய கை. ஒரு பந்து அவனையும் மீறிப் போய்விட்டது. நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு பின்னால் புரண்டது. மைதானமே என்னைப் பார்த்தது. நான் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். நோ பால். கரையில் மேய்ந்த எருமைகூடத் தலையைத் தூக்கியது.

மேனேஜர் ஓட்டம் எடுத்து என் பக்கம் வந்து நின்றபோது மெதுவாகக் கேட்டார். "அம்பயர், நான் இவ்ளோ நல்லா ஆடி நானே பார்த்ததில்ல. உங்க ஊர்ல ஏதாவது விசேஷமா?"

நான் ஒரு ஐலெட்டை வலது பைக்கு மாற்றினேன்.

ஒருவழியாக ஐம்பது வந்தது. பட்டாசு வெடித்தார்கள், மாலை போட்டார்கள். கம்பெனி அணி மட்டை பிடித்து முடித்ததும் பந்தலில் பிரியாணி. தலைவர் மைக் பிடித்தார். மேனேஜர் சாரின் மட்டையைப் புகழ்ந்தார், மனசைப் புகழ்ந்தார், ஷூவையும் புகழ்ந்தார். பிறகு கோரிக்கைகளுக்கு வந்தார். கோப்பைக்கு கம்பெனி ஸ்பான்சர் வேண்டும், பதினோரு பேருக்கு டி-ஷர்ட் வேண்டும், விழாவுக்கு சார் தலைமை தாங்க வேண்டும். நன்றி, வணக்கம்.

பெண்கள் பக்கம் சலசலப்பு. செல்வி எழுந்தாள். "அண்ணா, பஸ்ஸு?"

தலைவர் மைக்கைக் கையால் மூடினார். "சாப்புடுற நேரத்துல இன்னாம்மா பேஜார் பண்ற? அதெல்லாம் நான் தனியா பேசிக்கிறேன்."

செல்வி நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். பின்னால் ரோஸி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சார், எங்க ஊருக்குள்ள பஸ்ஸ வுடணும். கூட்ரோட்லேந்து இருட்டுல நடந்து வர முடியல. இந்தப் பொண்ணு இந்த மாசத்தோட நிக்கப் போறா."

மேனேஜருக்குப் புரியவில்லை. "உங்க ஊருக்கு பஸ் விடறதுக்கு நாங்க எப்பவோ தயார்மா. ரோடு குறுகல், பஸ் திரும்ப இடமில்ல, வேண்டாம்னு ஊர் சார்பா தனபால்தானே வந்து சொன்னார்?" என்றவர் தலைவர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார்?"

பந்தலில் பிரியாணி மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. ஓரமாக நின்ற ஷேர் ஆட்டோ மச்சான் தட்டோடு நகர்ந்து தூணுக்குப் பின்னால் போனார்.

தலைவர் அசரவில்லை. "ஆமா, சொன்னேன். எதுக்கு சொன்னேன்? நம்ம ஊரு நல்லதுக்குதான். அம்மாம் பெரிய பஸ்ஸு எங்க திரும்பும்? நீயே சொல்லும்மா. திரும்பாது."

செல்வி கையை நீட்டினாள். "இம்மாம் பெரிய கிரவுண்டு கெடக்குதே, இது இன்னா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் என் பிட்ச், சாணம் மெழுகி வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

தலைவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. "கேட்டீங்களாடா பசங்களா? நம்ம ரத்தம், நம்ம வேர்வை, நம்ம பிட்ச்! அது மேல டயர் ஓடணுமாம்!" அந்தப் பிட்சுக்கு அவர் ஒரு கூடை மண் சுமந்ததில்லை. ஆனால் பையன்கள் முகம் மாறிவிட்டது. பஸ் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தான், ஆனால் பிட்ச் போவதற்கு யாருக்கும் மனமில்லை. மேனேஜர் சங்கடத்தோடு, "உங்க கிளப் ஒத்துக்கிட்டா மறுநாளே பஸ் வரும். நீங்களே பேசி ஆட்டம் முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார். "கிளப்புன்னா நான்தான் சார். ஆட்டம் முடியட்டும்" என்று தலைவர் பேடை எடுத்தார்.

கம்பெனி அணியில் ஒருவன் பிரியாணி முடிந்ததும் படுத்துவிட்டான். ஆள் குறைந்தால் எதிரணி ஓர் ஆளைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலைவர் யாரையோ கை காட்டுவதற்குள் அந்தோணி அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டான். பந்தையும் வாங்கிக்கொண்டான்.

முதல் பந்து. அந்தோணி ஏரிக்கரை அடியிலிருந்து ஓடிவந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் அதற்கு முன் ஓடிவந்து நான் பார்த்ததில்லை. பந்து நடு ஸ்டம்புக்கு நேராகத் தாழ்வாக வந்து, தலைவர் மட்டை இறங்குவதற்குள் அவர் காலில் 'டப்' என்று விழுந்தது. அந்தோணி கத்தவில்லை. என் பக்கம் திரும்பி நின்று, "இன்னாண்ணா?" என்றான்.

தலைவர் குனிந்துவிட்டார்.

நான் விரலைத் தூக்கினேன்.

அவர் மேல் வாரை அவிழ்த்தார், இழுத்தார், கட்டினார். நடு வாருக்குப் போனார். அந்தோணி நகரவில்லை. நானும் விரலை இறக்கவில்லை. கீழ் வார் முடிந்தது. ஓரக்கண்ணால் அந்தோணியின் காலைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, மறுபடி மேல் வாரிலிருந்து ஆரம்பித்தார். பிறகு இன்னொரு காலுக்கு மாறினார். அதில் பந்து படவே இல்லை. எனக்குத் தோள் வலித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் விரல் மட்டும் யாருடையதோ மாதிரி மேலேயே நின்றது.

கரையிலிருந்து செல்வி குரல் கேட்டது. "அண்ணா, கொஞ்சம் நிமுந்து பாருங்கண்ணா! எங்க வூட்டுக்காரரு கை வலிக்கப் போவுது!"

முதலில் ரோஸிதான் சிரித்தாள். அப்புறம் பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. அப்புறம் பையன்கள். கடைசியில் மேனேஜர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். தலைவர் மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது, இவ்வளவு நேரம் குனிந்திருந்தால் ஏறத்தான் செய்யும்.

"இன்னாடா குமரேசா இது?"

மைதானத்தில் நான் பேசிய ஒரே சொல் அதுதான். "அவுட்டுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டப்படி நடந்துகொண்டார். ஸ்டம்பு ஆறையும் பிடுங்கினார். மட்டை, கையுறை, பந்து, எல்லாம் பைக்குள் போயின. "நம்ம கிளப்பு இன்னியோட முடிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பேடை அவிழ்க்க மறந்துவிட்டார். காலை அகட்டி அகட்டி வரப்பில் நடந்து போனார்.

பையன்கள் திகைத்து நின்றார்கள். மேனேஜர் கைதட்டிக் கூப்பிட்டார். "எங்க கிட் இருக்குப்பா, வாங்க ஆடலாம்." கம்பெனி ஸ்டம்பை நட்டு ஆடி முடித்தோம். யார் ஜெயித்தது என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

முடிந்ததும் அந்தோணி என்னிடம் வந்தான். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். "பிட்ச் நீங்க போட்டதுண்ணா. நீங்க சொல்லுங்க."

பஸ் உள்ளே நுழைய வேண்டிய இடத்தில் தார் டிரம் ரோலர் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. போய் அதைத் தள்ளினேன். தனி ஆளுக்கு அது நகராது. அந்தோணி வந்து கை கொடுத்தான். பிறகு பந்தை விட்ட அந்த மூன்று பேர் வந்தார்கள். பிறகு எல்லோரும் வந்தார்கள். பாடை தூக்கிப் பழகிய ஆட்கள், சேர்ந்து தள்ளத் தெரியும். ரோலரைக் கரையோரம் கொண்டுபோய் விட்டோம். மேனேஜர், "சரி, டிரைவர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

பஸ் வந்தது. முதல் நாளே பிட்சின் நடுவில் இரண்டு டயர் தடம் விழுந்தது. நான் போட்டது நல்ல பிட்ச்தான், மழைக்காலத்திலும் பஸ் புதையவில்லை. ரோஸி இன்று அந்தப் பிரிவில் சூப்பர்வைசர். அம்பயர் நிற்க இடமில்லாமல் போனதால் நான் ஓய்வு பெற்றேன்.

தலைவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் இப்போது கிளப்பின் நிரந்தரத் தலைவர். பஸ் வந்த வாரமே ஒரு பிளெக்ஸ் வைத்துவிட்டார். 'எங்கள் ஊருக்குப் பேருந்து கொண்டுவந்த நாயகனே!' பூசணிக்காய் முகம், பக்கத்தில் பஸ் படம், கீழே எலுமிச்சை விதைகள். வெயிலில் வெளுத்துப்போனால் புதிதாக மாற்றுவார். நான்கு மூங்கில் கம்பத்தில் அது நிற்கிற இடம், பிட்சில் பேட்ஸ்மேன் நிற்கிற முனைக்குச் சரியாகப் பின்னால்.

தினமும் காலையில் பஸ் அந்த முனையை நோக்கித்தான் ரிவர்ஸில் வந்து திரும்ப வேண்டும். டிரைவருக்குப் பின்னால் தெரியாது. அதனால் எனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்க்கும்படி பிட்ச் ஓரத்தில் நிற்பேன். 'வா வா' என்று கையாட்டுவேன். பிளெக்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒரு விரலைத் தூக்குவேன். பஸ் நின்றுவிடும். தலைவர் முகம் தப்பித்துவிடும்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற செல்வி தினமும் தலையை நீட்டி ஒன்றையே சொல்கிறாள்.

"யோவ், ஒரே ஒரு நாளைக்கு அந்தக் கைய தூக்காம இரேன்யா."

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.